சந்தியில் நிற்கும் கேமரா எதைப் பிடிக்கிறது, எதைப் பிடிப்பதில்லை: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாகனமோட்டிகளின் இழை

பழைய கிராணி (திங்கள், இரவு 8.40)

அனைவருக்கும் வணக்கம். ஈப்போவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சந்தியில் நான் சிவப்பு விளக்கை மீறிவிட்டதாகக் கூறும் சம்மன் ஒன்று இரண்டு வாரங்களுக்கு முன் என் கைக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த விதமே தனிக் கதை. என் காரின் பதிவில் இன்னமும் தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நாங்கள் எல்லாம் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகளாகிவிட்டன. கடிதம் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் பழைய தோட்டத்து வாசலில் ஒட்டுக்கடை வைத்திருப்பவர் என்னை அடையாளம் கண்டு கொடுத்தனுப்பினார்.

நான் சொல்ல வந்தது வேறு. அன்று நான் மஞ்சள் விளக்கில்தான் சந்திக்குள் நுழைந்தேன். நடுச்சந்தியில் இருக்கும்போது சிவப்பு விழுந்தது. 37 ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். இது என் முதல் சம்மன். மஞ்சளில் நுழைந்தவனையும் இந்தக் கேமரா குற்றவாளியாக்குமா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நம் பட்டணத்துப் பெரிய சந்தியில், விளக்குக் கம்பத்தின் நீண்ட கையில் புதிதாகச் சிறு வெள்ளைப் பெட்டிகளை மாட்டியிருக்கிறார்கள். அவையும் சம்மன் கேமராக்கள்தானா என்று காப்பிக் கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஜாலோங் வாசி (திங்கள், இரவு 8.58)

இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது, ஐயா? பணம் பிடுங்கும் இயந்திரம் அது. இந்தக் கேமராத் திட்டத்தை 2012 செப்டம்பரில் 14 கேமராக்களுடன் தொடங்கியபோதே நாடு முழுவதும் 831 கேமராக்கள் வரப்போகின்றன என்றுதான் பயமுறுத்தினார்கள். மஞ்சளோ சிவப்போ, சந்தியில் உங்கள் வண்டி இருந்தால் படம் எடுத்துவிடும். கட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

கம்பிக்காரன் (திங்கள், இரவு 9.25)

கிராணி ஐயாவுக்கு வணக்கம். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஒரு குத்தகையாளரிடம் சமிக்ஞை விளக்கு வேலை பார்த்தவன் நான். சாலையை அறுப்பது, கம்பி புதைப்பது, பெட்டிக்குள் இணைப்புக் கொடுப்பது எல்லாம் இந்தக் கையால் செய்ததுதான். ஜாலோங் வாசி சொல்வதைப் போல இந்த வேலை நடப்பதில்லை.

முதலில் நம் பட்டணத்துப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது நின்று பார்த்தேன். அவை வண்டி வந்திருக்கிறதா என்று பார்த்து விளக்கை மாற்றச் சொல்லும் கண்கள் மட்டுமே. அவை எதிரே வரும் வண்டிகளை நோக்கி, விளக்குக் கம்பத்தின் மேலேயே இருக்கின்றன. எண் பலகையைப் படிக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. பளிச்சென்று மின்னும் விளக்கும் அவற்றோடு இல்லை. சம்மன் கேமரா பெரும்பாலும் நிறுத்தக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னதாக, சாலையோரத்தில் தனிக் கம்பத்தில் நிற்கும். வண்டியின் முதுகுப் பக்கமும், எதிரே எரியும் சிவப்பு விளக்கும், தரையில் உள்ள வெள்ளைக் கோடும் ஒரே படத்தில் விழுந்தாக வேண்டும் என்பதால்தான் அதை அங்கே வைக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் படம் எதையும் நிரூபிக்காது.

இனி, அது எப்படிப் பிடிக்கிறது என்பது. நிறுத்தக் கோட்டை ஒட்டி, சாலையை வைரப்பல் தகட்டால் ஒரு விரல் அகலம்கூட இல்லாத பள்ளமாகச் சதுரமாக அறுப்போம். பகலில் போக்குவரத்தை நிறுத்த முடியாது என்பதால் இந்த வேலை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் நடக்கும். தகடு சூடேறாமல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். சாம்பல் நிறச் சேறு முழங்கால்வரை தெறிக்கும். பள்ளத்தைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, கம்பியை மூன்று நான்கு சுற்று ஓட்டி, மேலே தாரைப் போன்ற பசையை ஊற்றி மூடுவோம். மழை பெய்து நின்ற பிறகு சந்தியில் கவனித்துப் பார்த்தால் அந்தக் கருநிறச் சதுரங்கள் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அந்தச் சுருளில் மாறுமின்னோட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் உலோகம் வந்தால் அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுருளின் மின்தூண்டலைக் குறைத்துவிடும். உடனே மின்னோட்டத்தின் அலைவெண் சற்று உயரும். பெட்டிக்குள் இருக்கும் கருவி அந்த உயர்வைத்தான் வண்டி என்று புரிந்துகொள்கிறது. அது எடையைப் பார்ப்பதில்லை. சந்தியில் காரைவிட்டு இறங்கிக் குதித்துப் பார்த்த ஒருவரை நான் அறிவேன்.

இப்படி இரண்டு சுருள்களை அடுத்தடுத்துப் புதைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டி போக எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து அதன் வேகம் கிடைத்துவிடும். சில இடங்களில் தரையை அறுக்காமல் ரேடார் கொண்டும், படத்தின்மேலேயே கற்பனைக் கோடு வரைந்தும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

கிராணி ஐயா கேட்ட கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கேமராப் பெட்டிக்கு விளக்குப் பெட்டியிலிருந்து ஓர் இணைப்பு போகும். சிவப்பு எரிகிறது என்ற செய்தி அதன் வழியாக வந்தால்தான் கேமரா கண் திறக்கும். பச்சையிலோ மஞ்சளிலோ ஆயிரம் வண்டிகள் சுருளைக் கடந்தாலும் அது கண்டுகொள்ளாது. சிவப்பு விழுந்த கணத்திலேயே அது பாய்வதும் இல்லை. பல கருவிகளில் அரை வினாடிக்குள் அடங்கும் ஒரு சலுகை நேரம் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் ஒரு வண்டி கோட்டை நோக்கிச் சுருளில் ஏறினால்தான் முதல் படம் எடுக்கப்படும். அந்தப் படத்தில் வண்டி கோட்டுக்கு இப்பால் இருக்கும், சிவப்பு எரிந்துகொண்டிருக்கும். சிறிது நேரம் கழித்து இரண்டாம் படம் எடுக்கப்படும். அதில் வண்டி நடுச்சந்தியில் இருக்கும். ஒருவர் கோட்டைத் தாண்டிப் பதறிப்போய் அங்கேயே நின்றுவிட்டால், இரண்டாம் படமும் அவரை அதே இடத்தில் காட்டி, அவர் ஓடவில்லை என்று சாட்சி சொல்லிவிடும். அதனால்தான் ஒரே படத்தோடு விடுவதில்லை.

ஆகவே, மஞ்சளில் நுழைந்து நடுச்சந்தியில் சிவப்பைச் சந்தித்தவரைக் கேமரா பிடிக்காது, ஐயா. உங்களைப் பிடித்திருக்கிறது என்றால் முதல் படத்தைப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஒரு வரி எழுத்து இருக்கும். அதை இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

பால்மரத்து மகள் (திங்கள், இரவு 10.02)

கம்பிக்காரன் அண்ணன் சொன்னதைப் படித்ததும் என் நெடுநாள் சந்தேகம் ஒன்றைக் கேட்கத் தோன்றியது. தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க நான் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கப்சாய் மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக்கு வருவேன். தோட்டச் சாலை பெரிய சாலையில் சேரும் சந்தியில் சிவப்பு விழுந்தால், பின்னால் ஒரு காரோ லோரியோ வரும்வரை பச்சை வருவதே இல்லை. ஒருநாள் பொறுமை இழந்து சிவப்பிலேயே போய்விட்டேன். நல்ல வேளையாக எதிரே யாரும் இல்லை. விளக்கு என்னைக் கண்டுகொள்ள மறுக்கும்போது, கேமரா மட்டும் என்னைக் கண்டுகொள்ளுமா?

கம்பிக்காரன் (திங்கள், இரவு 10.20)

கண்டுகொள்ளும், தங்கச்சி. இரண்டும் ஒரே பாணிச் சுருள்கள்தான் என்றாலும், கேமராவுக்கானதை வேறு விதமாக முறுக்கி, இன்னும் கூர்மையாக வைப்பார்கள். தோட்டச் சாலையில் நீ நிற்கும் இடம்தான் தவறு என்று நினைக்கிறேன். சதுரத்தின் நட்டநடுவில் நின்றால் கப்சாயில் இருக்கும் கொஞ்ச உலோகம் சுருளுக்கு எட்டாது. அறுத்த கோடு தரையில் தெரியும் அல்லவா, அதன்மேலேயே இரண்டு சக்கரமும் இருக்கும்படி, கோட்டின் நீளவாக்கில் நிறுத்திப் பார். கம்பிக்கு நேர்மேலேதான் அதன் உணர்வு அதிகம். அப்படியும் மாறாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம். சாலைக்குப் புதுத் தார் போடும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டுவார்கள். அந்தச் சுரண்டலில் எங்கள் கம்பியும் போய்விடும். சாலைக்காரரும் விளக்குக்காரரும் பேசிக்கொள்ளாததன் பலனை நடு இரவில் எத்தனையோ முறை அனுபவித்திருக்கிறேன்.

ஈப்போ மாணவன் (செவ்வாய், காலை 7.15)

சுருளுக்கு முன்பு இருந்த முறை ஒன்றை நினைவுபடுத்துகிறேன். சிவப்பு விளக்குக் கேமராவை 1965-இல் முதலில் கொண்டுவந்தது நெதர்லாந்து நிறுவனம் ஒன்று. அதை நிறுவிய மாரிட்ஸ் காட்சோனிடஸ் ஒரு பந்தயக்காரர். 1953-ஆம் ஆண்டின் மோண்டே கார்லோ ராலியை வென்றவர். வளைவுகளில் தம் வேகத்தை அளந்து, இன்னும் விரைவாக ஓட்டுவதற்காகத்தான் அவர் முதலில் இந்தக் கருவிகளில் கைவைத்தார். அந்தப் பழைய கேமராவுக்குச் சாலையின் குறுக்கே ரப்பர் குழாய்களைப் போட்டிருந்தார்கள். டயர் அதன்மேல் ஏறினால் உள்ளிருக்கும் காற்று தள்ளப்பட்டுக் கேமராவை இயக்கும். நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பால்மரத்துக்கும் அந்தக் குழாய்களுக்கும் ஏதாவது தொடர்பு இருந்திருக்குமோ என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

கோப்புக்கட்டு (செவ்வாய், காலை 10.40)

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சட்ட ஆலோசனையாக இல்லாமல், அன்றாடம் காண்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜாலோங் வாசி குறிப்பிட்ட 831 என்பது திட்டத்தில் இருந்த எண்ணிக்கை. அதில் 265 மட்டுமே சமிக்ஞை விளக்குக்கானவை. மீதி 566 வேகத்துக்கானவை. அந்தத் திட்டம் 2017 ஏப்ரலில் அவாஸ் என்று பெயர் மாறி, ஓட்டுநரின் குற்றங்களுக்குப் புள்ளி போடும் கெஜாரா முறையுடன் இணைக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் தனியார் கையிலிருந்து நேரடியாகச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பொறுப்புக்கு வந்தபோது, சம்மன் தொகையும் 300 ரிங்கிட்டிலிருந்து 150 ஆகக் குறைந்தது. எடுக்கப்பட்ட படங்கள் அப்படியே சம்மனாகிவிடுவதில்லை. அதிகாரி ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகே கடிதம் புறப்படும்.

மக்கள் சம்மன் பணத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புள்ளியை மறந்துவிடுகிறார்கள். சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளிகள். நம் வீடுகளில் அப்பா பெயரில் கார், ஓட்டுவது மகன். அண்ணன் பெயரில் மோட்டார் சைக்கிள், ஓட்டுவது தம்பி. கேமராவுக்கு முகம் தெரியாது, எண் பலகைதான் தெரியும். ஆகவே கடிதம் பதிவு உரிமையாளருக்குத்தான் வரும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 115-ஆவது பிரிவின்படி, அன்று ஓட்டியவர் யார் என்ற விவரத்தைக் கேட்டால் உரிமையாளர் தந்தாக வேண்டும். எழுபது வயதான ஒரு தண்டல், மகன் செய்த குற்றங்களுக்கான சம்மன்களை அடுக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மகன் பெயரைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

கிராணி ஐயா, முதலில் காரின் பதிவு முகவரியை மாற்றுங்கள். கடிதம் கைக்கு வரவில்லை என்பது எல்லா இடத்திலும் எடுபடும் வாதம் அல்ல. இப்போது சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியிலேயே சம்மன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஜாலோங் வாசி (செவ்வாய், பிற்பகல் 1.05)

எண்ணிக்கையைத் திருத்தியதற்கு நன்றி. ஆனால் பணம் பிடுங்கும் கருவி என்று நான் சொன்னது வெறும் வயிற்றெரிச்சல் அல்ல. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் இந்தக் கேமராக் குத்தகைக்காக லஞ்சம் வாங்கிய முன்னாள் நகராட்சி அதிகாரிக்கு 2016-இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. டெக்சாஸ் மாநிலம் 2019-இல் சிவப்பு விளக்குக் கேமராக்களையே தடை செய்துவிட்டது. ஓட்டுநர் தவறு செய்வதில் வருமானம் இருக்கிறது என்றால், மஞ்சளை அரை வினாடி குறைத்து வைக்க யாருக்குத்தான் கை வராது?

பழைய கிராணி (செவ்வாய், மாலை 6.30)

பேரனின் உதவியுடன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதானால், முதல் படத்தைப் பார்த்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. என் காரின் முன் சக்கரங்கள் வெள்ளைக் கோட்டைத் தொடப் போகின்றன. மேலே சிவப்பு எரிகிறது. பின் கண்ணாடியில் என் மனைவி ஒட்டி வைத்த முருகன் படம்கூடத் தெரிகிறது, ஆகவே வேறு யாருடைய கார் என்றும் சொல்ல வழியில்லை. ஓரத்தில் இருந்த வரியில் தேதி, நேரம், தடம் 2 ஆகியவற்றுக்குப் பிறகு மஞ்சள் 3.0 வினாடி, சிவப்பு 0.9 வினாடி, வேகம் 46 என்று இருக்கிறது. இதன் பொருள் என்ன?

கம்பிக்காரன் (செவ்வாய், இரவு 9.10)

நேர்மையாகப் போட்டதற்கு மரியாதை, ஐயா. கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

மணிக்கு 46 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 12.8 மீட்டர். சிவப்பு விழுந்து 0.9 வினாடி கழித்து நீங்கள் கோட்டில் இருந்தீர்கள். அதாவது சிவப்பு விழுந்தபோது கோட்டுக்கு இன்னும் பதினொன்றரை மீட்டர் இருந்தது. அதற்கு முன் மஞ்சள் 3 வினாடி எரிந்தது. இரண்டையும் கூட்டினால் 3.9 வினாடி. அதே வேகத்தில் வந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், மஞ்சள் விழுந்த கணத்தில் நீங்கள் கோட்டிலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் தொலைவில் இருந்திருக்கிறீர்கள். பத்துக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஆகும் நீளம் அது.

இனி, நிற்பதற்கு எவ்வளவு தேவை? மஞ்சளைக் கண்டு காலை எடுத்து பிரேக்கில் வைக்க 1 வினாடி, அதில் 12.8 மீட்டர் ஓடிவிடும். பிறகு பயணிகள் முன்னால் சாயாத அளவுக்குச் சாதாரணமாக அழுத்தினால் இன்னும் 27 மீட்டர் போதும். மொத்தம் 40. உங்களுக்கு 50 மீட்டர் இருந்தது. மஞ்சளைப் பார்த்து வேகத்தைக் கூட்டினீர்கள் என்றால் கணக்கு உங்களுக்கு இன்னும் பாதகமாகும், ஏனென்றால் மஞ்சள் விழுந்தபோது நீங்கள் இன்னும் மெதுவாக, இன்னும் எளிதாக நிற்கக்கூடிய நிலையில் இருந்தீர்கள் என்று ஆகிவிடும்.

மஞ்சளில் நுழைந்தேன் என்று நீங்கள் பொய் சொல்லவில்லை. மஞ்சளில் நிற்காமல் போவதென்று முடிவு செய்தீர்கள். முடிவு செய்த அந்தக் கணம்தான் நினைவில் நின்றுவிட்டது. கோட்டைத் தொட்ட கணம் அதற்கு மூன்று நான்கு வினாடி கழித்து வந்தது.

இதே கணக்கை 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் கதை மாறும். நிற்பதற்கு 62 மீட்டர் வேண்டும். 3 வினாடி மஞ்சளில் ஓடக்கூடியதோ 50 மீட்டர்தான். மஞ்சள் விழும்போது கோட்டிலிருந்து 55 மீட்டர் தொலைவில் இருப்பவர் சாதாரணமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் நுழையவும் முடியாது. அவருக்குத்தான் உண்மையில் அநியாயம் நடக்கிறது. அந்த வேகச் சாலையில் மஞ்சள் ஏறக்குறைய 3.7 வினாடி இருக்க வேண்டும். ஜாலோங் வாசியின் கோபம் அங்கே செல்லும். கிராணி ஐயாவின் படத்துக்குச் செல்லாது.

ஈப்போ மாணவன் (செவ்வாய், இரவு 9.48)

கம்பிக்காரன் அண்ணன் போட்ட கணக்குக்கு அடிப்படையாக இருப்பது, 1960-இல் காசிஸ், ஹெர்மன், மாரடுடின் என்ற மூவர் அமெரிக்க மோட்டார் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் இருந்தபடி எழுதிய கட்டுரை. நிற்கவும் முடியாத, போகவும் முடியாத அந்த இடைவெளியை முதலில் கணக்காகக் காட்டியவர்கள் அவர்களே. அந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. நேராகப் போகிறவர் வேகம் குறைக்காமல் போவார் என்று வைத்துத்தான் அதை எழுதினார்கள். திரும்புகிறவர் கோட்டை நெருங்க நெருங்கப் பிரேக் பிடித்துத்தானே ஆக வேண்டும்? அவருக்கு அதே மஞ்சள் போதாது.

இதைக் கிளறியவர் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மேட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம். 2013-இல் அவருடைய மனைவிக்கு இப்படித்தான் கேமராச் சம்மன் வந்தது. அவர் கணக்குப் போட்டு அதிகாரிகளுக்கு எழுதப் போக, உரிமம் இல்லாமல் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதாக மாநிலப் பொறியாளர் வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் விதித்தது. அவர் நீதிமன்றம் போய் வென்றார். பிறகு 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பே திரும்பும் வண்டிகளையும் கணக்கில் கொள்ளும் முறையைப் பரிந்துரைத்தது. ஆகவே சம்மன் வந்தவர் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாரா என்று கேட்பது வீண் கேள்வி அல்ல. கிராணி ஐயா திரும்பினீர்களா, நேராகப் போனீர்களா?

பழைய கிராணி (செவ்வாய், இரவு 10.15)

நேராகத்தான் போனேன், தம்பி. தப்பிக்க வழி காட்டியதற்கு நன்றி, ஆனால் அந்த வழி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அன்று என் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முட்டுவதுபோல் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க அதன் முகப்புதான். நான் சட்டென்று நின்றிருந்தால் அது என்மேல் ஏறியிருக்கும் என்ற பயமும் அந்த முடிவில் இருந்தது.

குலை லோரி (செவ்வாய், இரவு 11.30)

இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து விடியும் என்று தெரியும். ஐயாவின் பயம் நியாயமானது. பாரம் ஏற்றிய லோரிக்குக் கார் நிற்கும் தூரம் போதாது. காற்றுப் பிரேக்கை மிதித்தால் காற்று குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிப்பதற்கே ஒரு கணம் ஆகும். ஆனாலும் முன்னால் போகிற காரை முட்டுவதுபோல் ஓட்டுவது லோரியின் குற்றம் அல்ல, ஓட்டுகிறவனின் குற்றம். ஆலையில் வரிசை நீண்டுவிடும், குலை பழுத்து உதிர்ந்துவிடும் என்ற அவசரத்தில் நானும் இளம் வயதில் அப்படி ஓட்டியவன்தான்.

இப்போது நான் செய்வது வேறு. தூரத்தில் பச்சை எரிவதைக் கண்டால் அது எவ்வளவு நேரமாக எரிகிறது என்று மனத்துக்குள் பார்ப்பேன். நான் கண்ட பிறகு மாறிய பச்சை என்றால் அது காய். நான் வளைவு திரும்பும்போதே எரிந்துகொண்டிருந்தது என்றால் அது பழுத்த பச்சை, எந்நேரமும் உதிரும். பழுத்த பச்சைக்குக் கியரைக் குறைத்துக்கொண்டுதான் வருவேன். பின்னால் வருகிற கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடித்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தியில் லோரிகள் குலுங்கி நிற்கும்போது உதிரிப்பழங்கள் கீழே விழுந்து, அடுத்த வண்டி ஏறி நசுங்கி, தரை எண்ணெயாகிவிடும். மழைத் தூறலும் சேர்ந்தால் நிறுத்தக் கோட்டருகே மோட்டார் சைக்கிள் பிரேக் பிடித்தவுடன் வழுக்கும். பால்மரத்து மகள் அந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

ஈப்போ மாணவன் (புதன், காலை 7.20)

குலை லோரி அண்ணன் சொன்ன முட்டல் பயம் ஆய்விலும் வந்திருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு நகர, வட்டாரப் பகுதிகளில் கேமரா வைத்த 132 சந்திகளைப் பார்த்தார்கள். குறுக்கே வந்து விலாவில் மோதும் விபத்துகள் 24.6 விழுக்காடு குறைந்தன. பின்னால் வந்து முட்டும் விபத்துகள் 14.9 விழுக்காடு கூடின. விலாவில் மோதுவதில் உயிர்ச்சேதமும் படுகாயமும் அதிகம் என்பதால் மொத்தத்தில் ஓரளவு நன்மைதான் என்று முடித்தார்கள். நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். விலாவில் அடிபடும்போது அவர்களுக்குக் கதவும் இல்லை, தகடும் இல்லை.

ஜாலோங் வாசி (புதன், பிற்பகல் 12.50)

சரி, கிராணி ஐயாவின் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. மஞ்சள் 3.0 என்று அந்தப் படத்தில் எழுதியிருப்பதைக் கேமரா வைத்தவர்தானே எழுதுகிறார்? சாமானியன் அதை எப்படிச் சரிபார்ப்பது?

கம்பிக்காரன் (புதன், மாலை 5.35)

நல்ல கேள்வி, இதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. கைப்பேசியை அசையாமல் ஓரிடத்தில் வைத்து அந்த விளக்கைக் காணொளியாக எடுங்கள். சாதாரணக் கைப்பேசி வினாடிக்கு 30 படம் எடுக்கும். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, மஞ்சள் எரியும் முதல் படத்திலிருந்து சிவப்பு எரியும் முதல் படம்வரை எண்ணுங்கள். 90 வந்தால் 3 வினாடி. ஒருமுறை எடுத்து நம்பிவிடாமல் நான்கைந்து முறை எடுக்க வேண்டும். காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடைபாதையிலிருந்து எடுங்கள். ஓட்டிக்கொண்டே எடுத்தால் அதற்குத் தனிச் சம்மன் வரும்.

பழைய கிராணி (வியாழன், இரவு 8.05)

இன்று பேரனை அழைத்துக்கொண்டு அந்தச் சந்திக்கே போனேன். எதிர்ப்புறத்தில் உள்ள சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு, சர்க்கரை டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஐந்து முறை எடுத்தோம். கடைக்காரர் எங்களைச் சாலை இலாகா ஆட்கள் என்று நினைத்து, தம் கடை முன் உள்ள குழியைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்கிவிட்டார். பேரன் எண்ணியதில் மூன்று முறை 90, ஒருமுறை 91, ஒருமுறை 89. மஞ்சள் சரியாகத்தான் இருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து என் காரின் 50 மீட்டர் எங்கே விழுகிறது என்றும் பார்த்தேன். ஒரு மின்கம்பமும் அதையடுத்து ஒரு பேருந்து நிறுத்தமும் அந்தத் தூரத்தில் இருக்கின்றன. அவ்வளவு தொலைவில் மஞ்சளைக் கண்டிருக்கிறேன் என்பதை என் மனம் இப்போதும் ஏற்க மறுக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. 150 ரிங்கிட்டை நேற்றே கட்டிவிட்டேன். முகவரி மாற்றத்துக்கான படிவத்தையும் நிரப்பிவிட்டேன்.

பால்மரத்து மகள் (வெள்ளி, காலை 6.10)

பேருந்தில் உட்கார்ந்தபடி எழுதுகிறேன். இன்று தோட்டச் சந்தியில் கைப்பேசி வெளிச்சத்தில் அந்த அறுத்த கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். இத்தனை நாளும் நான் அதைத் தாண்டி, முன்னால் போய் நின்றிருக்கிறேன். இரண்டு சக்கரத்தையும் கோட்டின்மேல் வைத்து நிறுத்தினேன். பின்னால் யாரும் வரவில்லை. எண்ணத் தொடங்கி இருபத்திரண்டு வருவதற்குள் பச்சை விழுந்துவிட்டது, அண்ணே.

கம்பிக்காரன் (வெள்ளி, காலை 6.32)

அப்படியென்றால் சுருள் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்த மாதம் அந்தச் சாலைக்குப் புதுத் தார் போடப்போவதாகக் கேள்வி. அதற்குப் பிறகும் பச்சை விழுகிறதா என்று மறக்காமல் இங்கே எழுது, தங்கச்சி.